எதிர்த்து வளைந்த வால்

அக்டோபர் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். காலையில் தொடங்கிய தூறல் நின்றுவிட்டிருந்தது, காற்று அசையவில்லை, கருத்தரிப்பு மருத்துவமனையின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், குளிர்சாதனத்தின் உபயத்தால், சன்னல் கண்ணாடிகள் வெளிப்புறமாக வேர்த்திருந்தன. அறையில் நால்வர் இருந்தனர். திரையில் ஐந்தாமவர் ஒருவருடைய விந்தணுக்கள் இருந்தன.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் அந்த ஆய்வுக்கூடத்தின் பழக்கம். முட்டைக்குள் ஊசியால் செலுத்துவதற்கு ஒரே ஒரு விந்தணு போதும். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் ஐயம் எழும் மாதிரிகளைப் படம்பிடித்து, பெயரையும் வயதையும் நீக்கி, வெறும் எண்ணுடன் திரையில் ஓட்டுவார்கள். தேர்ந்தெடுக்கும் பணியில் உள்ள இரு பெண்களும் தம் கருத்தைச் சொல்வார்கள். தலைமை மருத்துவர் கேட்டுக்கொள்வார். பெயரை நீக்க வேண்டும் என்ற விதியை வகுத்தவள் இருவரில் மூத்தவள். யாருடையது என்று தெரிந்தால் கண் இரக்கப்படும், இரக்கப்பட்ட கண் தவறு செய்யும் என்பது அவள் வாதம். அந்த விதியில் அவள் ஓட்டை எதையும் விட்டுவைக்கவில்லை. பின்னால் வினையானது அதுதான்.

மூத்தவளை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும், அவள் இல்லாத நேரத்தில், ‘ஸ்கேல்’ என்றார்கள். எதைக் காட்டினாலும் “அளந்து பார்த்தியா?” என்று கேட்பவளுக்கு வேறு பெயர் பொருந்தாது. இளையவளுக்கு ‘ஆமை’ என்று பெயர். அதை வைத்தவள் ஸ்கேல்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இளையவள் ஒரே தட்டை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்தாள், “இதென்ன, ஆமையைக் கொண்டுவந்து சேர்த்திருக்காங்க?” என்று ஸ்கேல் கேட்டதற்கு அறையே சிரித்தது. இப்போது வரவேற்பு மேசைக்கு வரும் தம்பதிகள், சற்றுக் கூச்சத்துடன், “எங்களுக்கு ஆமை மேடம் பார்த்துக் குடுப்பாங்களா?” என்று கேட்கிறார்கள். கேலியாக வைத்த பெயர் விருதாக மாறுவதை நாள்தோறும் பார்ப்பது எளிதான அனுபவம் அன்று.

நடைச் சுவரில் அங்கே உருவாகிப் பிறந்த குழந்தைகளின் படங்கள் மாட்டியிருந்தன. எந்தப் படம் யார் கைப்பட்டது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஸ்கேலுக்கு மட்டும் அது மனப்பாடம். புதுப் படம் ஒன்று ஏறும்போதெல்லாம் அவள் உள்ளூர ஒரு கணக்கைத் திருத்திக்கொள்வாள். சமீப காலமாகத் திருத்தங்கள் ஒரே பக்கமாக இருந்தன. நுண்ணோக்கியின் முன்னிருந்த நாற்காலியை ஆமை தன் உயரத்துக்குத் தாழ்த்திவிட்டுப் போவாள். ஸ்கேல் அதை உயர்த்துவாள். தினம் ஒருமுறையாவது அந்த நாற்காலி இருவருக்கும் இடையில் ஏறி இறங்கியது.

திரையில் கொஞ்சம் விந்தணுக்கள் கிடந்தன. கிடந்தன என்பதே சரியான சொல். விந்தகத்திலிருந்து அறுவையால் எடுத்து, உறையவைத்து, சோதனைக்காகச் சிறிதளவு உருக்கிய மாதிரி அது. நீந்த வேண்டியவை நீந்தவில்லை. இத்தகைய மாதிரியில் உயிருள்ளதை அறிய, ஏதேனும் ஒரு வால் துடிக்கிறதா என்று காத்திருக்க வேண்டும்.

ஸ்கேல் காத்திருக்கவில்லை. “தேறாது மேடம். டோனர்தான்.” முகம் தெரியாத கொடையாளரின் விந்தணுவை வாங்கிக்கொள்ளச் சொல்வது என்று பொருள்.

“இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே அக்கா,” என்றாள் ஆமை. மற்றவர்கள் எல்லோரும் ஸ்கேலை மேடம் என்றார்கள். ஆமை மட்டும் முதல் நாளிலிருந்தே அக்கா என்றாள். அதையும் ஸ்கேல் மன்னிக்கவில்லை.

“படம் ஓடும்மா. உள்ள இருக்கறது ஓடணுமே.”

படம் ஓட்டிய கணினி ஊழியர் சிரித்தார். படம் தொடர்ந்தது. திரையின் மேல் வலப்புறத்தில் காற்புள்ளி போன்ற ஒரு தூசு ஒட்டியிருந்தது. துளியில் இருந்த நீர் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வால்கள் யாவும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தன. ஆமை எழுந்து திரையருகே போய் ஒரு மூலையைச் சுட்டினாள்.

“இது. கொஞ்சம் பின்னால ஓட்டுங்க. ம்… இப்ப பாருங்க.”

ஸ்கேல் பார்த்தாள். வாலின் நுனி ஒருமுறை வளைந்தது. நீர் நகரும் திசையில் அன்று, அதற்கு எதிராக. சற்று இடைவெளிவிட்டு மறுபடி வளைந்தது. இரண்டையும் அவள் பார்த்தாள். ஆமை அதை முதலில் பார்த்துவிட்டாள் என்பதையும் பார்த்தாள்.

“அது தானா அசையல. தண்ணி ஆட்டுது,” என்றாள். “ஃபேன் காத்துல காலண்டர்கூடத்தான் ஆடும். அதுக்கு உயிர் இருக்குன்னு சொல்லுவியா?”

கணினி ஊழியர் வாய்விட்டுச் சிரித்தார். மருத்துவரின் உதடும் ஒருகணம் கட்டுப்பாட்டை இழந்தது. ஆமை திரையைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு தன் விரலைப் பார்த்தாள், வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு உயிர் இருக்கற மாதிரிதான் தெரியுது அக்கா.”

“தெரியறது வேற, இருக்கறது வேற.”

“சரி, ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க,” என்று மருத்துவர் எழுந்தார். “சம்பந்தப்பட்டவங்ககிட்ட நான் பேசிக்கறேன்.”

அன்று நாற்காலியை உயர்த்தும்போது ஸ்கேலின் கை வழக்கத்தைவிட இலேசாக இருந்தது.

சம்பந்தப்பட்டவர்களில் ஒருத்தி, அன்று மாலை, வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்து மருந்துக் குப்பியை எடுத்துத் தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டாள்.

ஸ்கேலுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஊசிகளால் வளர்ந்த அவளுடைய முட்டைகளைத் திங்கட்கிழமை காலை எடுப்பதாக இருந்தது. அடுத்த முறைக்கு முட்டை இருக்கும் என்று தன்னால் வாக்களிக்க முடியாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். கணவனின் மாதிரி சில மாதங்களுக்கு முன்பு அறுவையால் எடுக்கப்பட்டு, அவள் வேலை செய்யும் அதே ஆய்வுக்கூடத்தின் உறைகலத்தில் இருந்தது. சொந்தக்காரரின் மாதிரியை ஊழியர் தொடக் கூடாது. அவள் தொடவில்லை, எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. தொடக் கூடாது என்ற விதி இருந்தது. பெயர் தெரியக் கூடாது என்ற விதியும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

கணவன் லிப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதி உயரம் தன் கையில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வான். நல்ல விந்தணுக்கள் குழாயில் மேல்நோக்கி நீந்திவரும், அவற்றை மேலிருந்து எடுப்பார்கள் என்று அவள் முன்பொருமுறை விளக்கியபோது, “ஊர்ல எல்லாரையும் மேல ஏத்தி விடறேன், என் ஆளுங்களுக்கு மட்டும் மேல போக வழி தெரியல பாரு,” என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவன் எங்கே போகிறான் என்று அவள் அன்று அளந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை இருவரும் மருத்துவரின் அறையில் உட்கார்ந்தார்கள். நோயாளியின் நாற்காலியிலிருந்து அந்த மேசை உயரமாகத் தெரிந்தது. மருத்துவர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

மேல் வலப்புறத்தில் அதே காற்புள்ளித் தூசு. ஸ்கேல் முதலில் அதைத்தான் பார்த்தாள். பிறகு நீர் இடமிருந்து வலமாக நகர்ந்தது. பிறகு அவள் வேறெதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“நேத்து கூட்டம் முடிஞ்சு நம்பரைத் திறந்தப்பதான் எனக்கே தெரிஞ்சது,” என்றார் மருத்துவர். அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. “இதை ரெண்டு பேர் பார்த்திருக்காங்க. உங்களோடதையே உபயோகிக்கலாம்னு ஒருத்தர் சொல்றாங்க. இன்னொருத்தர் ஒண்ணும் தேறாது, டோனர்தான்னு சொல்றாங்க.”

“இதோ, இந்த மூலையில ஒண்ணு ஆடுதே?” என்றான் கணவன். ஆமை சுட்டிய அதே மூலை.

“அது தண்ணி ஆட்டறதுன்னு அவங்க அபிப்பிராயம்.” மருத்துவர் சற்று நிறுத்தினார். “காலண்டரை உதாரணம் சொன்னாங்க. காத்துல ஆடற காலண்டர்.”

“காலண்டரா? கிழிக்கறதுக்குத் தாள் மிச்சமில்லைங்கறாங்களா?” அவன் சிரித்தான். யாரும் சேர்ந்துகொள்ளாததால் அந்தச் சிரிப்பு மேசையின் மேலேயே நின்றது. “நீ சொல்லும்மா. இதுல உனக்குத் தெரியாதது என்ன இருக்கு?”

“நான் சொல்லக் கூடாது,” என்றாள் ஸ்கேல். “சொந்தக்காரங்க கருத்துச் சொல்லக் கூடாதுன்னு விதி.”

மருத்துவர் முதல்முறையாக அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கண்டனம் இல்லை. இருந்திருந்தால் அவளால் அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியும்.

“லேப் ஆளா இருந்து சொல்ல வேண்டாம். மனைவியா முடிவெடுக்கலாம்,” என்று ஒப்புதல் படிவத்தை நீட்டினார். “சொந்தமா, டோனரா, வேண்டாததை அடிங்க. கீழ, யார் தேர்ந்தெடுக்கறதுன்னு பேர் எழுதணும். இங்கேயே ஆள் இருக்கு. அது சரிப்படலைன்னா தலைமைக் கிளையிலேர்ந்து ஒருத்தரை வரச் சொல்றேன். திங்கட்கிழமை நீங்க உள்ள போறதுக்கு முன்னாடி என் கைக்கு வந்தாகணும்.”

வீட்டுக்கு வந்ததும் கணவன் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, லிப்ட் கதவின் தேய்ந்த உருளை ஒன்றைக் கழற்ற ஆரம்பித்தான். மனம் சரியில்லாத நாட்களில் அவன் எதையாவது கழற்றுவான்.

“அந்தக் காலண்டர்காரி யாரு?” என்று கேட்டான், தலை நிமிராமல்.

“யாரா இருந்தா என்ன?”

“பார்த்தா நாலு வார்த்தை கேக்கணும்போல இருக்கு. ஒரு மனுஷன் வயித்தெரிச்சலை வச்சு ஜோக் அடிக்கறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! உங்க ஆமையா? பேரைப் பார்த்தா அப்பாவி மாதிரி இருக்கு.”

அப்படியே விட்டுவிடலாம் என்று ஸ்கேலுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் இனிமையாகவும் இருந்தது. இந்த வீட்டிலாவது ஆமையை ஒருவர் திட்டுகிறார். அவள் குவளையில் தண்ணீர் எடுத்துப் பாதி குடித்தாள்.

“நான்தான்,” என்றாள்.

திருப்புளி நின்றது.

“நீயா சொன்ன?”

“உங்களோடதுன்னு தெரியாது. பேர் எடுத்துட்டுத்தான் போடுவாங்க.”

“அது சரி. தெரியாம சொல்லிட்ட.” அவன் அதை ஏற்றுக்கொள்ள முயன்றது தெரிந்தது. “அப்ப நிஜமாவே அதுல ஒண்ணுமில்லையா? அதைச் சொல்லிடு. நான் டோனருக்கே கையெழுத்துப் போட்டுடறேன். அழ மாட்டேன்.”

“இருக்கு.”

“என்ன இருக்கு?”

“அந்த வால் ஆடுது. தண்ணி இந்தப் பக்கம் போகுது, அது அந்தப் பக்கம் வளையுது. ரெண்டு தடவை.”

“இன்னிக்குத்தான் கவனிச்சியா?”

“நேத்தே பார்த்தேன்.”

அவன் உருளையைச் செய்தித்தாளின் மீது வைத்தான். அது உருண்டு மேசை விளிம்பு வரை போய் நின்றது. இருவரும் அதைப் பிடிக்கவில்லை.

“பார்த்துட்டு ஏன்மா இல்லன்ன?”

இந்தக் கேள்விக்கு அவளிடம் கட்டமைந்த பதில்கள் பல இருந்தன. மாதிரியின் தரம், உருக்கிய பின் உயிர் நிலைக்கும் வாய்ப்பு, தவறான நம்பிக்கை தரக் கூடாது என்ற கொள்கை. ஒவ்வொன்றும் தன்னளவில் உண்மை. எதுவும் விடை அன்று.

“அவ முதல்ல பார்த்துட்டா,” என்றாள். “அதான்.”

கணவன் எழுந்து பால்கனிக்குப் போனான். எதிர்க் கட்டடத்தில் யாரோ துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பி வந்தபோது கோபம் இருந்தது. ஆனால் அவள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

“அது என்னோடதுங்கறதால இன்னிக்கு நீ மாத்திச் சொல்ற. வேற எவனாவது இருந்தா? நேத்தோட அவன் கதை முடிஞ்சிருக்குமே. அவன் பொண்டாட்டிகிட்ட யார் வந்து, நான்தான் அந்தக் காலண்டர்காரின்னு சொல்லியிருப்பா?”

ஸ்கேல் விளிம்பில் நின்ற உருளையை மேசையின் நடுவுக்கு நகர்த்தினாள்.

அவன்தான் படிவத்தை எடுத்தான். தன் கையெழுத்தைப் போட்டு அவள் பக்கம் தள்ளினான். அவள் கொடையாளர் என்ற வரியை, அளவுகோல் வைத்து, நேர்கோடாக அடித்தாள்.

“பேருக்கு ஏத்த வேலை,” என்றான். அன்று மதியம் அவன் சொன்ன முதல் வேடிக்கை அது. தன் பட்டப்பெயர் அவனுக்கும் தெரியும் என்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள். “கீழ பேரு? ஆமைதானே?”

“தலைமைக் கிளையில ஒருத்தர் இருக்கார். பெரிய கை.”

“லிப்ட் நின்னு உள்ள மாட்டிக்கிட்டவங்க, எந்த மெக்கானிக் வந்தா நம்ம மானம் போகாதுன்னா பார்ப்பாங்க?”

“அவகிட்டப் போய் நான் நிக்கணுமா?”

“நிக்க வேண்டாம். நீ மயக்கத்துல படுத்துட்டுத்தானே இருக்கப் போற.”

அவள் கையெழுத்திட்டாள். பெயருக்கான கோட்டை வெறுமையாக விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஸ்கேல், முதுகில் நாடா கட்டிய நோயாளி அங்கியில், தன் ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த அறையில், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலையில் காகிதத் தொப்பி. சுவருக்கு அப்பால் இன்குபேட்டரின் கதவு மூடும் ஓசை கேட்டது. இன்னும் கொஞ்சம் மெதுவாக மூடலாம் என்று அவள் நினைத்தாள். கணவன் வெளியே நடையில், குழந்தைப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான்.

ஆமை உள்ளே வந்தாள். பச்சை உடை, முகக்கவசம் கழுத்தில் தொங்கியது.

“டாக்டர் படிவத்தை வாங்கிட்டு வரச் சொன்னாங்க அக்கா.”

ஸ்கேல் அதை மடியிலிருந்து எடுத்தாள், கொடுக்கவில்லை. ஆமை நின்றபடியே, தட்டைப் பார்ப்பது போல, எட்டி நின்று அதை மேலிருந்து கீழாகப் படித்தாள். அவசரமே இல்லை. அவசரப்படு என்று சொல்லும் நிலையில் ஸ்கேலும் இல்லை.

“கடைசி வரி காலியா இருக்கு,” என்றாள் ஆமை. “தலைமைக் கிளை சார் வந்துட்டார். கீழ காபி குடிச்சிட்டு இருக்கார். அவர் பேர் எழுதினாலும் எனக்கு ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லாதவளின் குரல் அன்று அது. ஸ்கேலுக்கு அதைக் கேட்டதும், முறையற்ற ஒரு நிம்மதி உண்டாயிற்று. இவளுக்கும் பொறாமை உண்டு.

“அன்னிக்கு நீங்களும் பார்த்தீங்கல்ல அக்கா?”

“பார்த்தேன்.”

“ரெண்டாவது தடவையுமா?”

“ரெண்டாவது தடவையும்.”

ஆமை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “பாவி அக்கா நீங்க. மூணு நாளா என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருக்கேன். நேத்து லீவு நாள்ல கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவர் செக் பண்ணிட்டு வந்தேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் மாறலைன்னாங்க.”

“அதான் எனக்கே தெரியுமே,” என்றாள் ஸ்கேல், சற்று எரிச்சலுடன்.

தலைமைக் கிளைக்காரரை அவள் அறிவாள். ஒரே மாநாட்டில் இருவரும் பேசியிருக்கிறார்கள். வேகமான கண், திருத்தமான கை, தலையின் வடிவம், கழுத்தின் நேர்மை, வாலின் நீளம் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் எடைபோட்டுவிடுவார். ஏறக்குறைய அவளைப் போலவே. கிடக்கும் அந்தக் கூட்டத்தை அவர் பார்த்த மாத்திரத்தில், அவளைப் போலவே, கோப்பை மூடிவிடவும் கூடும். அவருக்கு அவள் மீது பொறாமை எதுவும் இல்லை. பொறாமை இல்லாமலேகூட அந்த மூலை தப்பிப்போகலாம்.

இந்த வேலையில், தேர்வானதன் வாலை ஊசி முனையால் ஒருமுறை அழுத்தி அடக்கிவிட்டுத்தான் உள்ளே இழுப்பார்கள். பாராட்டு அங்கே அப்படித்தான் தெரிவிக்கப்படும். மாதிரி முழுவதிலும் உயிருள்ள அந்த ஒன்றிரண்டு வால்கள் துடிக்கும் வரை காத்திருந்து, கண்டு, பிறகு அடக்க வேண்டும். காத்திருப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. அதை ஸ்கேல் ஒருபோதும் வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை.

“பேனா குடு.”

ஆமை சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஸ்கேல் படிவத்தை முழங்கால் மீது வைத்தாள். பேனா கோட்டின் தொடக்கத்திலேயே நின்றது.

“உன் இனிஷியல் என்ன?”

“இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் கேக்கறீங்க.”

“முழுப் பேர் எழுதணும். ஆமைன்னு எழுதினா செல்லாது.”

ஆமை சொன்னாள். ஸ்கேல் அந்தப் பெயரை, முன்னெழுத்தும் புள்ளியும் விடாமல், தெளிவாக எழுதினாள். சற்று நீளமான, அழகான பெயர். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“ரொம்ப நேரம் எடுத்துக்காத,” என்றாள். உடனே, “இல்ல. எடுத்துக்கோ,” என்றாள்.

“சரிக்கா.”

“நாற்காலியை ரொம்பத் தாழ்த்தாத. கழுத்து வலிக்கும்.”

“அது என் உயரம் அக்கா.”

“தெரியும்.”

ஆமை கையை நீட்டினாள். ஸ்கேல் படிவத்தை நீட்டினாள். இருவர் விரல்களுக்கும் இடையில் தாள் விறைத்து நின்றது.

“விடுங்கக்கா,” என்றாள் ஆமை.

ஸ்கேல் விட்டாள்.